ஒன்பது விநாடி

முதலில் மாட்டிக்கொண்டது பிங்கோ இரவில்.
மன்றத்தில் எண் படித்தவள் அறுபது என்றாள்.
எலிசெயோ எழுபதை அடித்துவிட்டு
எழுந்து நின்று கத்தினார், ஜெயித்துவிட்டேன் என்று.
ஸ்பானிய மொழியில் அந்த இரண்டு எண்களுக்கும் நடுவே
ஒற்றை மெய்தான் வேலி.
கூடம் சிரித்தது. நானும்தான் சிரித்தேன்.

சிலே நாட்டில் நாங்கள் எல்லோருமே
சொல்லின் கடைசி ஸகரத்தை விழுங்கிவிட்டுப் பேசுகிறவர்கள்.
அதனால் அவர் காது விழுங்கியதை
யாரும் கணக்கில் வைக்கவில்லை.

இருபத்தாறு வருஷம் தாமிரச் சுரங்கத்தில் துளைப்பான் பிடித்தவர்.
காதுமூடியின் இடப்பக்கத்தை மட்டும்
நெற்றிக்கு ஏற்றிவைத்துக்கொள்வாராம்.
பாறை விழுவதற்கு முன்னால் ஒருமுறை முனகும்,
அது கேட்க வேண்டாமா என்பார்.
பாறை அவர்மேல் விழவில்லை.

காலாமாவின் இரவு உங்களுக்குத் தெரியாது.
பாலைவனம். தவளை இல்லை, சில்வண்டு இல்லை,
அசைவதற்கு ஓர் இலை கிடையாது.
அந்த இரவில் எழுந்து அவர்
சமையலறையில் எதையோ தேடுவார்.
"ஒதிலியா, கெட்டிலை அணைக்கவில்லையா?"
அணைத்தாயிற்று.
"அப்படியானால் இந்தப் பெட்டிதான்" என்று
குளிர்பெட்டியின் வயரைப் பிடுங்கிவிட்டுப் படுத்தார்.
காலையில் மூன்று கிலோ ஆட்டுக்கறி நாறியது.
நான் போட்ட சத்தம்
அவருக்குக் கேட்டதோ என்னவோ,
தெருவுக்குக் கேட்டது.

செவிடன் காதில் ஊதிய சங்கு என்று
பதினோரு வருஷமாய்ச் சலித்துக்கொண்டவள் நான்.
சங்கு வெளியே இல்லை என்று
சொன்னவள் யாஸ்னா,
அந்தோபகாஸ்தா மருத்துவமனையில் காது சோதிக்கிற பெண்.
நகத்தளவு சங்கு, உள்ளே, எலும்புக்குள்.
அதில் மயிரிழைகள், காற்றில் புல் மாதிரி.
லாரி ஏறிய புல் என்றாள். இனி நிமிராது.
அந்த இழைகள் அனுப்பவேண்டிய ஒலி வராததால்
மூளை தன் காதைக் கூர்மையாக்கிக் கூர்மையாக்கி
கடைசியில் தன்னையே கேட்கத் தொடங்குகிறதாம்.
முழுவதும் எனக்குப் புரியவில்லை.
அழுக்கு அடைத்திருக்கும் என்று
மாதாமாதம் காய்ச்சிய எண்ணெய் விட்டேன் என்றேன்.
அதற்கு மட்டும் என்னைத் திட்டினாள்.

கண்ணாடி அறைக்குள் அவர், கையில் ஒரு பொத்தான்.
ஒலி கேட்டால் அழுத்தவேண்டும்.
யாஸ்னா எதுவும் அனுப்பாதபோதும் அழுத்தினார்.
பொய் சொல்கிறாரே என்று எனக்கு வெட்கம்.
அவள் தலையை மட்டும் ஆட்டி
ஒரு திருகை மெல்லத் திருப்பினாள்.
இதுவா?
இன்னும் மேலே.
இதுவா?
இல்லை, இது தடித்தது.
இது?

எலிசெயோ தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.
தேவாலயத்தில் கழற்றுவதுபோல.
ஆறாயிரம் என்று எழுதினாள் யாஸ்னா.
பிறகு ஒலிபெருக்கிக் குவளைகளை என் தலையில் மாட்டினாள்.

கொதிக்கப்போகிற கெட்டில்.
கொதித்துவிடாத கெட்டில்.
பல்லுக்குள் இறங்குகிற ஒரு கம்பி.
அதற்குள் அவர் எப்படி எனக்கு
நல்லிரவு சொல்லிக்கொண்டிருந்தார்?
பிள்ளைகளின் கல்யாணத்தில் எப்படி ஆடினார்?
ஒன்பது விநாடி இருந்தேன். கழற்றிவிட்டேன்.
எனக்குக் கழற்ற முடிந்தது.

போகுமா என்று கேட்டார்.
போகாது. பக்கத்துவீட்டு நாய்போல ஆகும்,
அது குரைக்கும், நீங்கள் தூங்குவீர்கள் என்றாள்.
தூங்கும்போது வானொலியை
இரண்டு நிலையங்களுக்கு நடுவே வைக்கச் சொன்னாள்,
அந்த இரைச்சலில் இது கொஞ்சம் கரையும்.
வலக்காதுக்கு ஒரு கருவி, தவணையில்.
இனிப் பின்னாலிருந்து கூப்பிடாதீர்கள், இது எனக்கு.

திரும்பும் பேருந்தில்
ஜன்னலோரத்தை விட்டு எழுந்து
அவருக்கு வலப்பக்கம் வந்து உட்கார்ந்தேன்.
மேட்டில் இன்ஜின் உறுமியது.
அவர் என்னமோ சொன்னார்.
"என்ன?" என்றேன்.
மறுபடி சொன்னார்.
"என்ன?"
அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.
சொல்லவேயில்லை, கடைசிவரை.